மர்மம் யாருக்கு?

தொண்ணூறுகளில் சன் தொலைக்காட்சியில் வந்த ‘மர்மதேசம்’ தொடர்களை யூடியூபில் பார்த்து மயங்கிய தலைமுறை நாம். இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டுவிடு கருப்பா’ நாவலைத்தான் இயக்குநர் நாகா ‘விடாது கருப்பு’ ஆக்கினார். குற்றம் செய்தவரைத் தேடிக் குதிரையில் வரும் கருப்பு நம்மை நடுங்க வைத்தார். ஆனால் உழைக்கும் சாதிகள் பலவற்றுக்குக் கருப்பு குலசாமி. கிடா வெட்டி, சுருட்டு படைத்து, கேட்டது கிடைக்காவிட்டால் திட்டவும் செய்கிற சொந்தக்காரர். அவர் மர்மமாகத் தெரிவது வெளியே நின்று பார்ப்பவருக்கு.

எங்கள் முள்ளுக்குறிச்சிக்கு மேலே நிற்கும் கொல்லிமலைக்கும் இதே கதிதான். மாயக்கதைகளில் சித்தர், மூலிகை, கொல்லிப்பாவை எல்லாம் உண்டு. அங்கே மிளகும் சாமையும் விளைவிக்கிற, பழங்குடிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் ஏறி இறங்குகிற மலையாளிப் பழங்குடியினர் பெரும்பாலும் வழிகாட்டியாக வந்து போவதோடு சரி.

2024-இல் நாகா ‘ஐந்தாம் வேதம்’ தொடரோடு ஜீ5 தளத்துக்கு வந்தார். பழைய நாவல்களும் அடுத்தடுத்து தொடராகலாம். நாவலை மாற்றாதே என்று சண்டை போடும் ரசிகத் தோழர்களே, இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: திரைக்கதை விவாதத்தில் மலையிலிருந்தும் சேரியிலிருந்தும் எழுத்தாளர்கள் சம்பளத்தோடும் பெயரோடும் உட்காரட்டும். கருப்பு அப்போதும் பயமுறுத்துவார். யாரை என்பது மாறும்.