கழுவாத தட்டும் யூத ஞானமும்

என் அறைத்தோழன் ஒருவன் சமீபத்தில் ஆன்மிகத்தில் இறங்கியிருக்கிறான். இந்த முறை யூத ஞானம். "பாத்திரம் கழுவுறதுகூட ஒரு பிரார்த்தனைதான் மச்சி. யூதர்கள் எந்தச் சின்ன வேலையையும் கடவுளோட சேர்த்துத்தான் செய்வாங்க. முழுக் கவனத்தோட செஞ்சா மனசு அப்படியே அமைதியாயிடும்" என்று அரை மணி நேரம் பேசினான். அவன் பேசி முடித்தபோது அவன் சாப்பிட்ட தட்டு தொட்டியில் இரண்டாவது நாளாகக் கிடந்தது. அதை யார் கழுவினார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் கோபம்தான். தட்டின் மேல் மட்டுமில்லை. ஒரு பழைய மரபின் முதுகெலும்பை உருவிவிட்டு, மனதுக்கு இதமான தைலம் மாதிரி விற்கிறார்களே, அதன் மேல். நான் யூதன் இல்லை. பாடத்துக்காகப் படிக்கப் போய், ஆர்வம் வந்து தொடர்ந்து படித்தவன், அவ்வளவுதான். படித்த வரையில் எனக்குப் பட்டது இது: அந்த நூல்களில் அன்றாட வேலைக்கு அர்த்தம் கொடுப்பது செய்பவனின் மன அமைதி அல்ல. அந்த வேலையின் மறுமுனையில் நிற்கிற ஆள்.

முதலில் நியாயமாகப் பேசிவிடுவோம். நண்பன் சொன்னதில் பாதி உண்மை. யூத மரபு வீட்டையும் கடையையும் விட்டுக் காட்டுக்கு ஓடச் சொல்வதில்லை. ரொட்டிக்கு ஒரு துதி, பழத்துக்கு ஒன்று, திராட்சை ரசத்துக்கு ஒன்று, இடி மின்னலுக்குக்கூட ஒன்று. கழிவறையிலிருந்து வந்ததும் சொல்லவும் ஒரு துதி உண்டு. உடம்பில் திறந்திருக்க வேண்டியது அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நினைத்து நன்றி சொல்வது. (சிரிப்பவர்கள் சிறுநீரகக் கல் வந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள்.) ஒரு நாளைக்கு நூறு துதி சொல்ல வேண்டும் என்கிறார் தால்முத்தில் ரபி மேயிர். 18ஆம் நூற்றாண்டின் ஹசிதியர்கள் இன்னும் ஒரு படி போய், சாப்பாட்டாலும் தொழிலாலும்கூடக் கடவுளைத் தொழலாம் என்றார்கள். ஒரு சீடர் தன் குருவிடம் போனது பாடம் கேட்க அல்ல, அவர் காலணிக் கயிறு கட்டும் விதத்தைப் பார்க்க என்றொரு கதை அவர்களிடம் ரொம்பப் பிரபலம்.

நம் ஆட்கள் இந்தக் காலணிக் கயிற்றோடு நின்றுவிடுகிறார்கள். அதுதான் பிரச்சினை.

சாப்பிடும் முன் எதற்குத் துதி? தால்முத் தரும் காரணத்தைப் பாருங்கள். துதி சொல்லாமல் இந்த உலகத்தில் எதையாவது அனுபவிப்பவன், கடவுளுக்குச் சொந்தமானதைக் கையாடியவன் மாதிரி. மனம் லேசாகும் என்ற பேச்சே அங்கில்லை. உன்னுடையது இல்லை, கேட்டுவிட்டு எடு என்கிற சொத்து வழக்கு பாஷை! இன்னொரு இடத்தில், ஒருவன் கோதுமையைத் திருடி, அரைத்து, பிசைந்து, ரொட்டி சுட்டு, முறைப்படி துதியும் சொல்கிறான். அது துதி இல்லை, கடவுள் நிந்தனை என்று அடித்துச் சொல்கிறார் ஒரு ரபி. அவன் எவ்வளவு கவனத்தோடு மாவு பிசைந்தான் என்று யாரும் விசாரிக்கவில்லை.

லேவியராகமம் 19ஆம் அதிகாரம் புனிதமாக இருக்கச் சொல்லித் தொடங்குகிறது. எப்படி? வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கு விடு. கூலிக்காரனின் கூலியை விடியும் வரை வைத்துக்கொள்ளாதே. எடைக்கல்லில் ஏமாற்றாதே. உபாகமம் 22இல், புது வீடு கட்டினால் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச்சுவர் வை, யாரும் விழுந்துவிடக் கூடாது என்கிறது. கொத்தனார் வேலைகூட மத விஷயம்தான், ஆனால் அடுத்தவன் எலும்பு முறியாமல் இருப்பதற்காக. செத்தபின் நியாயத்தீர்ப்பில் மனிதனிடம் கேட்கப்படும் முதல் கேள்வி என்று தால்முத் சொல்வது என்ன தெரியுமா? கொடுக்கல் வாங்கலில் நேர்மையாக இருந்தாயா என்பதுதான்.

எனக்குப் பிடித்த கதை 19ஆம் நூற்றாண்டு லித்துவேனியாவைச் சேர்ந்தது. ரபி இஸ்ரேல் சாலன்டர் (1810–1883), முசார் இயக்கத்தைத் தொடங்கியவர். ரொட்டி சாப்பிடும் முன் சடங்காகக் கை கழுவ வேண்டும். குறைந்தபட்ச அளவுக்கு மேல் தாராளமாகத் தண்ணீர் விடுவது பக்தியின் அடையாளம். விருந்துக்குப் போன வீட்டில் இவர் மிகக் குறைவான தண்ணீரில் கை கழுவினாராம். ஏன் என்று கேட்டதற்கு, அந்தத் தண்ணீரைச் சுமந்து வருவது வேலைக்காரப் பெண் என்றாராம். அவள் தோளில் ஏறி நான் புண்ணியம் சம்பாதிப்பதா என்பது அவர் கணக்கு.

நண்பன் அந்த விருந்தில் இருந்திருந்தால் தண்ணீரின் குளிர்ச்சியை ரசித்திருப்பான்.

யூத சமூகம் முழுக்க இப்படியே வாழ்ந்தது என்று நான் கதை விடவில்லை. கணவன் நாள் முழுக்கப் புனித நூல் படிக்க, அடுப்பையும் கடையையும் மனைவி சுமந்த வீடுகள் கிழக்கு ஐரோப்பாவில் இருந்தன. சாலன்டர் கதை இத்தனை காலம் நிலைத்ததே, அந்தப் பெண்ணின் தோளைப் பார்க்காதவர்கள் நிறைய இருந்ததால்தான் என்று தோன்றுகிறது.

"அப்ப நேர்மையா இருந்தா போதாதா, துதி எதுக்கு?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. நல்லெண்ணம் மறந்துபோகும், அதனால்தான் என்பது என் பதில். எதையும் எடுக்கும் முன் ஒரு கணம் நிற்பதைத் தினம் நூறு முறை பழகியவனுக்கு, இதை யார் கொண்டுவந்தது என்று பார்க்கவாவது வாய்ப்பு இருக்கிறது. நின்றுவிட்டுத் தன் மூச்சை மட்டும் கவனித்துக்கொண்டு திரும்புகிறவன், எனக்குத் தெரிந்து, வந்த வேலையை மறந்தவன்.

ஆகவே மச்சி, தட்டு கழுவும்போது உனக்கு அமைதி கிடைத்தால் ரொம்ப சந்தோஷம். கிடைக்காவிட்டாலும் கழுவு. அடுத்து அதில் சாப்பிடப் போகிறவன் நான்.