கிறிஸ்துமஸ் தாத்தாவின் தராசு

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் கோலாலம்பூர்ப் பேரங்காடிகளில் பனி பெய்யத் தொடங்கிவிடுகிறது. வெளியே வெயில் முப்பது பாகைக்கு மேல் காய்கிறது. உள்ளே பஞ்சினாலும் சவர்க்கார நுரையினாலும் செய்த பனி! அதன் நடுவே செவ்வங்கியும் வெண்தாடியும் பூண்ட ஓர் இளைஞர், வியர்வை வழியத் தாத்தாவாக அமர்ந்திருக்கிறார். செலாயாங் அடுக்குமாடிகளினின்று நம் தமிழ்ப் பெற்றோர் குழந்தைகளைத் தூக்கிச் சென்று, அவர் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்து மகிழ்கின்றனர். மகிழட்டும். வேடிக்கை பார்ப்பது குற்றமன்று. ஆனால் வீடு திரும்பியபின் ஒரு வார்த்தை சொல்லப்படுகிறதே, அதைக் குறித்தே நாம் வழக்காட வந்தோம். “நல்ல பிள்ளையாக இருந்தால் தாத்தா பரிசு கொண்டு வருவார்” என்பதே அவ்வார்த்தை.

இதன் பொருளைச் சிறிது ஆராய்வோம். செலாயாங் மொத்தச் சந்தையை அடுத்த ஒரு மாடியில் எதிரெதிரே இரண்டு வீடுகள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு வீட்டுத் தந்தைக்குக் கைநிறையச் சம்பளம். மற்ற வீட்டுத் தாயோ பிறர் அலுவலகத்தைக் கூட்டித் துடைப்பவர். 2025ஆம் ஆண்டில் அரசாங்கம் வகுத்த குறைந்தபட்ச ஊதியமாகிய 1,700 வெள்ளியைக் கொண்டே வாடகை, அரிசி, பள்ளி வேன் கூலி யாவும் பார்க்க வேண்டியவர். டிசம்பர் 25 காலையில் அந்த வீட்டுச் சிறுவனுக்கு மிதிவண்டி வருகிறது. இந்த வீட்டுச் சிறுமிக்கு ஒரு வர்ணப் பென்சில் பெட்டி, அல்லது அதுவுமில்லை. தர்க்க சாஸ்திரம் பயிலாவிடினும் குழந்தைகள் தர்க்கம் அறிவர். நல்ல பிள்ளைக்குப் பரிசு வரும்; எனக்கு வரவில்லை; ஆகவே நான் நல்ல பிள்ளை இல்லை. இம்முடிவில் பிழை எங்கே இருக்கிறது? முதல் வாக்கியத்தில் இருக்கிறது. அதைச் சொன்னவர்கள் பெற்றோராகிய நாமே!

ஊதியத்தின் ஏற்றத்தாழ்வை ஒழுக்கத்தின் ஏற்றத்தாழ்வாகக் காட்டும் இவ்வித்தை தமிழனுக்குப் புதிதன்று. பால்மரம் வெட்டிய பாட்டனிடம், அவன் கூலி குறைந்ததற்குத் துரைமாரின் இலாபக் கணக்குக் காரணமன்று, முற்பிறப்பின் வினையே காரணமென்று லயத்து வாசலிலேயே உபதேசிக்கப்பட்டது. 1929 டிசம்பரில் ஈ. வெ. ரா. பினாங்குத் துறையில் வந்திறங்கினார். அக்காலந்தொட்டு இப்பொய்யைக் கண்டிப்போர் இந்நாட்டில் உளர். தலைவிதியை வாசலில் விரட்டிவிட்டு, சிவப்புச் சட்டை போட்டு வந்த காரணத்தால் அதையே கொல்லைப்புறமாக வரவேற்பது எவ்விதப் பகுத்தறிவோ அறியோம்.

இத்தாத்தாவின் பூர்வோத்தரம் என்ன? 4ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கி நாட்டிலுள்ள மீரா நகரில் ஆயராக விளங்கிய நிக்கோலாஸ் என்பாரின் கதையே வேர். வறிய தந்தையொருவன் தன் மூன்று பெண்களுக்கு மணம் முடிக்க வழியின்றித் தவித்தபோது, அவர் இரவில் மறைவாகச் சென்று பொன்முடிச்சுகளை அவ்வீட்டினுள் எறிந்தாராம். கவனியுங்கள்: அப்பெண்கள் சொன்ன பேச்சுக் கேட்டவர்களா, பல் துலக்கியவர்களா என்று அவர் பட்டியல் பார்க்கவில்லை. வறியவர் என்பதே அவருக்குப் போதுமாயிருந்தது. தம் பெயரையும் மறைத்தார். அவருக்கு எட்டுக் கலைமான்களைப் பூட்டியது 1823இல் அமெரிக்கப் பத்திரிகையில் வெளியான ஒரு பாட்டு. 1931 முதல் ஹாடன் சண்ட்புளோம் என்ற ஓவியர் கோக்கா-கோலா கம்பெனியின் விளம்பரத்துக்காகத் தீட்டிய படங்கள், இன்று நாம் காணும் கொழுத்த உருவத்தை உலகெங்கும் பரப்பின. ஏழை வீட்டைத் தேடிச் சென்றவர் இவ்வாறு கடை வாசலுக்கு ஆள் சேர்ப்பவரானார். புகைபோக்கி வழியே இறங்குவாராம்! செலாயாங்கில் அவர் மின்தூக்கியில்தான் வரவேண்டும். அதுவும் பழுதாகாமல் இருந்தால்.

இதைப் படித்து, “அப்படிச் சொல்லுங்கள், அந்நிய மதப் பண்டிகை நமக்கெதற்கு?” என்று கைதட்டுவோர்க்கும் ஒரு வார்த்தை. நாம் உங்கள் கட்சியல்லோம். தமிழெழுத்தில் முதன்முதல் அச்சேறிய நூல் 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’. அது கிறிஸ்தவ நூல். பூடு அந்தோணியார் ஆலயத்திலும் பிரிக்பீல்ட்ஸ் சீயோன் ஆலயத்திலும் தமிழில் தொழுவோர் நம்மவரன்றி வேறு யார்? வீரமாமுனிவரின் ‘தேம்பாவணி’க்குத் தலைவர் வளன் எனப்படும் சூசை. மரவேலை செய்து பிழைத்தவர். நிறைமாத மனைவியோடு தங்க இடமின்றி மாட்டுத் தொழுவில் ஒதுங்கியவர். வாடகை வீடு தேடி அலைந்த தமிழ்த் தந்தை எவருக்கும் இக்கதை விளங்கும். மதம் எதுவாயினும் இதைக் குழந்தைக்குச் சொல்லலாம். தொழுவில் பிறந்த அப்பிள்ளை நல்ல பிள்ளையா என்று கேட்டுப் பாருங்கள்.

“கற்பனை இல்லாவிட்டால் குழந்தைப் பருவம் வறண்டு போகாதா?” என்பது மற்றோர் ஆட்சேபம். பாட்டி சொன்ன கதையில் நரி பேசிற்று, காக்கை பாடிற்று, நாம் களித்தோம். அந்த நரி நம் நடத்தைக்கு மதிப்பெண் போடவில்லை. கதையைக் கதையாகவே சொல்லுங்கள். மிதிவண்டி வாங்கித் தந்தால், “அப்பா நாலு மாதம் கூடுதல் நேரம் வேலை செய்து வாங்கியது” என்று உரைத்துவிடுங்கள். வாங்க இயலாவிடில், கையில் பணமில்லை என்பதை வெட்கமின்றிச் சொல்லுங்கள். தீபாவளிக்குக் கடன்பட்டு உடுத்தும் பட்டுக்கும் இதே நியாயம்தான். அதைப் பிறிதொரு சமயம் பேசுவோம்.

இறுதியாகப் பாலர் பள்ளி நடத்துவோர்க்கு. பெற்றோரிடம் இரகசியமாகப் பரிசைப் பெற்று, ஆண்டிறுதி விழாவில் தாத்தா கையால் கொடுப்பிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இருநூறு வெள்ளிப் பெட்டியும் ஐந்து வெள்ளிப் பொட்டலமும் ஒரே மேடையில், எல்லாப் பிள்ளைகளும் பார்க்க! இது நிற்க வேண்டும். பொதுப் பணத்தில் எல்லார்க்கும் ஒரே பொருளாக வாங்கி, ஆசிரியை தம் கையாலேயே கொடுக்கட்டும். பெற்றோர்களே, அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று இதைக் கேளுங்கள்.