டாக்டருக்குத் தெரியாத ஊசி



எடைக் குறைப்பு ஊசி பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் விலையும் பக்கவிளைவும் இருந்தன. ஒளித்துப் போட்டுக்கொள்வது பற்றி ஒரு வரிகூட இல்லை. மருந்துக்கடை நடத்தும் என் கண்ணில் அதுதான் அதிகம் படுகிறது.

2025 மார்ச்சில் மவுஞ்சாரோ என்ற எடைக் குறைப்பு ஊசி இந்தியாவில் விற்பனைக்கு வந்தது முதல், வெளியூர் மருத்துவரின் சீட்டோடு வருகிறார்கள். ஐஸ் ஜெல்லோடு சுற்றிக் கொடுத்ததைக் காய்கறிப் பைக்குள் கீரைக்கட்டுக்குக் கீழே செருகிக்கொண்டு, "நம்ம டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்கண்ணே" என்கிறார்கள். சொல்ல மாட்டேன். "வாயைக் கட்டினால் போதும், ஊசி எதுக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்கிறவரிடம் யார்தான் வாய் திறப்பார்கள்?

ஆனால் அதே டாக்டர்தான் சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு எழுதுகிறார். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை மளமளவென இறங்கலாம். அறுவை சிகிச்சை என்றால் இன்னும் சிக்கல். இந்த ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தாலும் உள்ளே சாப்பாடு தங்கியிருக்கலாம். மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கருத்தடை மாத்திரையின் பலனும் குறையக்கூடும். இதைச் சொன்னதும் சிலர் முகமே மாறிவிடுகிறது.

குடும்ப டாக்டரிடம் சொல்லப் பிடிக்காவிட்டால் போகட்டும், மயக்க மருந்து கொடுப்பவரிடமாவது மறைக்காதீர்கள். டாக்டர்களும் "எடைக்கு ஊசி ஏதும் போடுறீங்களா?" என்று, பிரஷர் மாத்திரை பற்றிக் கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்கலாமே.

— மருந்துக்கடைக்காரர், மதுரை