காலனிக்கு வந்த பணம் எதை விட்டுச் சென்றது?

ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லிப் பக்கம் எந்தக் காலனிக்கும் தவணை நாளன்று காலையில் போய்ப் பாருங்கள். சமுதாயக் கூடத் திண்ணையிலோ வேப்பமரத்தடியிலோ பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். களை வெட்டவோ, சேகோ ஆலைக்குக் குச்சிக்கிழங்கு தோலுரிக்கவோ கிளம்ப வேண்டிய நேரம் அது. ஆனால் குழுக் கடன் வசூலிப்பவர் பைக்கில் வந்து பணத்தை எண்ணி முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்க முடியாது. ஒருத்தியால் கட்ட முடியாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். ‘உன்னால எங்க கூலி போச்சு’ என்று அவளைப் பேசுவது கடன் கொடுத்த கம்பெனி அல்ல, பக்கத்து வீட்டு அக்காதான்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்பதே இல்லை. நுண்கடன் கம்பெனிகள் வங்கிகளிடம் வாங்குகின்றன. அதோடு வெளிநாட்டு வளர்ச்சி நிதி நிறுவனங்களும் இத்துறையில் பணம் போட்டிருக்கின்றன. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் அவற்றில் பெரியது, 1956-ல் தொடங்கியது. நெதர்லாந்து, ஜெர்மனி, பிரிட்டன் அரசுகளுக்கும் இப்படி நிறுவனங்கள் உண்டு. சமூகத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் நன்மை செய்துகொண்டே லாபமும் ஈட்டும் முதலீட்டுக்கு 2007 முதல் ‘இம்பேக்ட் முதலீடு’ என்ற பெயர் புழங்குகிறது. உலகம் முழுவதும் இப்படிப் போடப்பட்டுள்ள பணம் சுமார் 1.57 லட்சம் கோடி டாலர் என்பது 2024-ன் மதிப்பீடு.

இந்தப் பணமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பண்ணையக்காரர் வாசலில் நின்று முன்பணம் வாங்கி, அதற்கு ஈடாக வருடம் முழுக்க உழைத்த தலைமுறையின் பிள்ளைகள் நாம். ஊர்த்தெருவில் கைகட்டி நிற்காமல் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்குவது சிறிய மாற்றமல்ல. நமது கேள்வி அளவுகோலைப் பற்றியது. எத்தனை பெண்களுக்குக் கடன் போனது, எத்தனை சதம் திரும்பி வந்தது என்று அறிக்கைகள் எண்ணுகின்றன. ஒரு கம்பெனித் தவணையை இன்னொரு கம்பெனியில் வாங்கிக் கட்டினாலும் அந்தக் கணக்கில் அது வெற்றிதான். தோட்டை அடகு வைத்துக் கட்டினாலும் வெற்றிதான்.

வேறு மாதிரி வந்த பணத்தையும் இந்த மண் பார்த்திருக்கிறது. ரோமில் தலைமையகம் கொண்ட சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-ல் தருமபுரியில் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் சேலத்துக்கும் வந்தது. நாமக்கல் அப்போது சேலத்தோடுதான் இருந்தது. அங்கே முதலில் சேமிப்பு. பிறகு சேர்ந்த பணத்தைத் தங்களுக்குள் கடனாகச் சுற்றுவார்கள். அந்த வட்டி குழுவுக்கே சேரும். அதன் பிறகுதான் வங்கிக் கடன். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடவே பலர் எழுத்துப் பழகினார்கள். காலனிக் குழுவும் ஊர்த்தெருக் குழுவும் பெரும்பாலும் தனித்தனிப் பாயில்தான் உட்கார்ந்தன என்பது வேறு கதை. ஆனாலும் யாருக்கு, எவ்வளவு, எதற்கு என்று முடிவெடுத்தவர்கள் அந்தப் பெண்களே.

அந்த நிதானம் பின்னால் வந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. 2010-ல் ஒரு பெரிய நுண்கடன் கம்பெனி பங்குச் சந்தையில் இறங்கிப் பணத்தை அள்ளியது. அதே ஆண்டு அக்டோபரில், கடன் நெருக்கடியால் நடந்த தற்கொலைகளைக் கண்டு ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டது. இலங்கையில் நுண்கடனில் சிக்கிய பெண்களுக்காக 2018-ல் அரசே கடன் நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. கம்போடியாவில் கடனுக்காக நிலம் பறிபோகிறது என்று 2022-ல் சர்வதேச நிதிக் கழகத்தின் குறைதீர் அமைப்புக்கே புகார் போனது. நமது மாநிலத்திலும் மிரட்டி வசூலிப்பதைத் தண்டிக்க 2025-ல் சட்டம் வந்திருக்கிறது. குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைகள் போகக் கூடாது என்று 2022-லேயே ரிசர்வ் வங்கி விதித்துவிட்டது. ஆனால் விண்ணப்பத்தில் வருமானத்தை எழுதும் பேனா யார் கையில் இருக்கிறது?

பணம் போன பிறகு அந்தப் பெண்ணின் பெயரில் என்ன மிஞ்சியது என்பதே நாம் முன்வைக்கும் அளவுகோல். நமக்கு மிஞ்ச வேண்டியது நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891-ல் கொடுத்த அறிக்கையின் விளைவாக, 1892-ல் பஞ்சமி நில ஒப்படைப்பு தொடங்கியது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது, அதன் பிறகும் பட்டியல் சாதியாருக்கே விற்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. நிபந்தனை காகிதத்தில் நின்றது. கண்காணிக்க ஆளில்லாமல் நிலம் கைமாறிப் போனது.

இன்று தாட்கோவின் ‘நன்னிலம்’ திட்டம் இருக்கிறது. நிலமற்ற ஆதிதிராவிடர் விவசாயக் கூலிப் பெண்கள் நிலம் வாங்க, சந்தை மதிப்பில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணங்களும் கிடையாது. மீதி வங்கிக் கடன். நல்ல திட்டம்தான். ஆனால் விற்பவர் ஆதிதிராவிடர் அல்லாதவராக இருக்க வேண்டும். நமது நிலம் நமக்குள்ளேயே சுற்றக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் வைத்த விதி அது. நம்மவருக்குக் கிரயம் செய்தால் ஊரில் என்ன பேச்சு வரும் என்று யோசிக்காமல் கையெழுத்துப் போடும் நிலக்காரர் எத்தனை பேர் என்பது ஆத்தூர் வட்டத்தில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும்.

அதைத் தாண்டி வந்தாலும் ஒரு கதவு அடைபடுகிறது. நமக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கு நிலம் அமைந்தது, விற்பவரும் சம்மதித்தார். வங்கியில் ‘சிபில் சரியில்லை’ என்று திருப்பி அனுப்பினார்கள். மகன் விபத்தில் அடிபட்டுக் கிடந்த மாதங்களில் விட்டுப்போன குழுக் கடன் தவணைகள் அங்கே பதிவாகியிருந்தன. காலனிக்கு நன்மை செய்ய வந்த ஒரு பணம், இன்னொரு பணம் உள்ளே வர முடியாமல் கதவைச் சாத்திவிட்டது. இது எந்த அறிக்கையில் வரும்?

சுற்றுச்சூழல் கணக்கும் இப்படித்தான். சேகோ ஆலைக் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுப்பது பசுமை முதலீடு, வரவேற்போம். ஆனால் ஆலையை ஒட்டிய காலனியின் தண்ணீர் குடிக்கும்படி இருக்கிறதா, கிழங்கு உரிக்கும் பெண்ணுக்கு பி.எஃப். பிடிக்கிறார்களா என்ற கேள்விகளும் அந்தப் படிவத்தில் இருக்க வேண்டும்.

ஆத்தூரும் கெங்கவல்லியும் தனித் தொகுதிகள். பக்கத்துப் பக்கத்தில் நமது உறுப்பினர்கள் இருவர். நன்னிலத்துக்கு இவ்விரு தொகுதிகளிலிருந்தும் எத்தனை விண்ணப்பங்கள் போயின, எத்தனை வங்கியில் நின்றன, ஏன் நின்றன என்று சட்டமன்றத்தில் அவர்கள் கேட்க வேண்டும். தாட்கோ பரிந்துரைத்த நிலக் கடனுக்கு நுண்கடன் நிலுவை தடையாகக் கூடாது என்று மாவட்ட வங்கியாளர் கூட்டத்தில் ஆட்சியர் வலியுறுத்த வேண்டும்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். உங்கள் தெருவில் வீடு வீடாகப் போய் மூன்றே கேள்வி கேளுங்கள்: எத்தனை கம்பெனியில் கடன், மாதம் எவ்வளவு தவணை, இந்தக் கடனால் வாங்கியது எது இன்னும் வீட்டில் இருக்கிறது. பெயர் எழுத வேண்டாம், கதவு எண் போதும். அடுத்த கிராம சபைக்கு அந்த நோட்டோடு வாருங்கள். கணக்கைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்வோம்.