சோற்றைக் குறைக்கத் துணை வேண்டும்

சென்ற தைப் பொங்கல் விருந்தில் நடந்த ஒரு சிறு சம்பவம்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. பந்தியில் என் இலைக்குச் சோறு வந்தபோது கையை மறித்து, "கொஞ்சமா வைங்க தம்பி" என்றேன். பரிமாறிய இளைஞர் கேட்கவில்லை. "வருஷத்துக்கு ஒருநாள்தானே மாமா, நல்லா சாப்பிடுங்க!" என்று இரண்டு கரண்டி அள்ளி வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். அன்பினால் செய்ததுதான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த ஒருநாள் எனக்கு நாற்பது நாளாக நீண்டது என்பது அவருக்குத் தெரியாது. அதுவரை 6.5-ல் நின்றிருந்த மூன்று மாத சராசரிச் சர்க்கரை, அடுத்த பரிசோதனையில் 7.3 என்று வந்தது.

எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பது 2020-ல் தெரிந்தது. அப்போது அந்த எண் 9.2. அதற்கு முந்திய ஆண்டுதான் என் மூத்த அண்ணனுக்குச் சென்னையில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். காலில் பட்ட சிறு சிராய்ப்பு ஆறாமல் போய், அவரை இங்கிருந்து விமானத்தில் கொண்டு சேர்ப்பதற்குள் காலம் கடந்துவிட்டது. ஆகவே டாக்டர் "அரிசியைக் குறையுங்கள்" என்று சொன்ன அன்றே நான் குறைத்துவிட்டேன். ஒரு வாரம் குறைப்பது பெரிய காரியமே அல்ல, பயம் பார்த்துக்கொள்ளும். ஆறாவது மாதம் அண்ணனின் கால் நினைவுக்கு வருவதில்லை, அடுத்த வீட்டுப் பிரியாணி வாசம்தான் வருகிறது.

நம்மவர்களுக்கு இது மெயின்லேண்டில் இருப்பவர்களைவிடக் கடினம் என்பது என் அபிப்பிராயம். என் தகப்பனார் இராமநாதபுரம் சீமையிலிருந்து 1961-ல் கப்பலேறி இங்கே கூலி வேலைக்கு வந்தவர். வானம் பார்த்த பூமியில் கேழ்வரகுக் களியும் கஞ்சியும் குடித்து வளர்ந்த மனிதர், மூன்று வேளையும் வெள்ளைச் சோறு சாப்பிட்டது இந்தத் தீவில்தான். கப்பல் தாமதமானால் அரிசிக்குக் கடைகடையாக அலைந்த காலமும் உண்டு. வீட்டில் இரண்டு மூட்டை அரிசி அடுக்கியிருந்தால் ஊருக்குக் கடிதம் எழுதுவார். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவன் இலையில் சோற்றைத் தள்ளினால் யாருக்குத்தான் பொறுக்கும்? என் ஆத்தாவுக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. "கஞ்சித்தண்ணி குடிச்ச காலத்துல கூட உனக்குச் சோறு போட்டேன்டா. இப்ப மூட்டையா கெடக்கு, வேண்டாங்குற" என்று சொல்லிவிட்டு அன்று அவரும் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். டாக்டரின் பேச்சுக்கு நான் பதில் சொல்லிவிடுவேன், ஆத்தாவின் பட்டினிக்கு என்ன பதில் சொல்வது?

ஆனால் கணக்கு வேறு விதமாக இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய நாடளாவிய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளிவந்தன. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். நம் நாட்டவர் உண்ணும் கலோரியில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று அதே ஆய்வின் 2025 அறிக்கை கூறுகிறது. சமைக்காத அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து. மீனிலோ அது இல்லை என்றே சொல்லலாம்.

இங்கே ஒரு விஷயம். அரிசியை அடியோடு விட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அதே குழுவினர் 2022-ல் வெளியிட்ட கணக்கில், புதிதாகச் சர்க்கரை கண்டவர்கள் அது தணிய மாவுச்சத்தை 49 முதல் 54 விழுக்காட்டுக்குக் குறைத்து, புரதத்தை 20 விழுக்காடு அளவுக்கு உயர்த்தலாம் என்றுதான் சொன்னார்கள். அதாவது குன்று போன்ற சோறு கைப்பிடியாக வேண்டும், மீனும் முட்டையும் பருப்பும் கூட வேண்டும், அவ்வளவே. நியாண்டர் செல்வன் எழுதிய 'பேலியோ டயட்' நூலைப் படித்துவிட்டு அரிசி, கோதுமை, சர்க்கரை எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திய நண்பர்கள் இத்தீவிலும் உண்டு. சிலருக்கு நல்ல பலன் கிடைத்தது, மறுக்கவில்லை. நானும் ஐந்து மாதம் அப்படி இருந்தேன். காலையில் எண்ணி எண்ணிப் பாதாம். மெயின்லேண்டிலிருந்து வரும் பாதாமுக்கும் பனீருக்கும் இங்கே என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். மழைக்காலத்தில் கப்பல் நின்றுபோனால் காலிஃபிளவரும் கிடையாது. சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு பாதாமுக்கு அலைவானேன் என்று ஒருநாள் தோன்றியது. அன்றிலிருந்து மாலையில் ஜங்கிலிகாட் போய்ச் சூரையோ மத்தியோ வாங்கி வருகிறேன்.

அந்த ஐந்து மாதத்தில் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். சோற்றை நிறுத்தியதை டாக்டரிடம் சொல்லவில்லை. பழைய அளவிலேயே மாத்திரையையும் விழுங்கிக்கொண்டிருந்தேன். அபர்தீன் பஜாரில் ஒருநாள் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, கடைப்படியில் உட்கார்ந்துவிட்டேன். வங்காளிக் கடைக்காரர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றினார். கிளிமெப்ரைடு போன்ற மாத்திரை சாப்பிடுவோரும் இன்சுலின் போடுவோரும் சோற்றைக் குறைக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுவதற்கும் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

சரி, வருடக்கணக்கில் எப்படித் தாக்குப்பிடிப்பது? மனவுறுதி வேண்டும் என்பார்கள். எனக்கு அது போதவில்லை. எனக்கு உதவியது அடுப்படியில் நடந்த ஒரு மாற்றம். "என்னங்க, குழம்பு வச்சா சோறு கேக்கத்தானே செய்யும்?" என்று என் மனைவி ஒருநாள் சொன்னார். எத்தனை உண்மை! புளிக்குழம்பு சோற்றுக்கென்றே பிறந்தது. அதை வைத்துவிட்டுச் சோற்றைக் குறை என்றால் எப்படி? அன்று முதல் எங்கள் வீட்டில் குழம்பு வாரத்துக்கு இரண்டு நாள். மற்ற நாட்களில் சூரைமீன் புட்டு, மீன் வறுவல், தேங்காய்ப்பால் விட்ட சொதி, முருங்கைக்கீரையில் முட்டை உடைத்து ஊற்றிய பொரியல். கொல்லைப் பாகற்காயும் புடலங்காயும் கப்பலுக்குக் காத்திருப்பதில்லை. எல்லாருக்கும் அதே சாப்பாடு. பிள்ளைகள் சோறு கூடுதலாகப் போட்டுக்கொள்வார்கள், நான் கைப்பிடி. தனிச் சமையல் இல்லாததால் 'நோயாளி' என்ற எண்ணமும் இல்லை.

எடை இயந்திரத்தை நம்பியதும் ஒரு தவறு. முதல் மாதம் நான்கு கிலோ குறைந்ததும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அதில் பெரும்பகுதி உடம்பில் சேமித்திருந்த சர்க்கரையோடு ஒட்டியிருந்த நீர் என்பது அப்போது தெரியாது. பிறகு மூன்று மாதம் முள் அசையவில்லை. அப்போதுதான் பலர் விட்டுவிடுகிறார்கள், நானும் விடப் பார்த்தேன். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனையை மட்டும் நாட்காட்டியில் குறித்து வைக்கிறேன்.

இஸ்ரேலில் டிமோனா என்ற ஊரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் 322 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2008-ல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு மாவுச்சத்தைக் குறைத்த உணவு. இரண்டு ஆண்டு முடிவில் மொத்தப் பேரில் 84.6 விழுக்காட்டினர் விலகாமல் இருந்தார்கள். இத்தகைய ஆய்வுகளில் இது மிகப் பெரிய எண்ணிக்கை. அவர்களின் மதிய உணவு அலுவலக உணவகத்திலேயே கிடைத்தது. எந்தப் பண்டம் யாருக்கு ஏற்றது என்று அங்கே வண்ண அடையாளமும் வைத்திருந்தார்கள். கேட்டுக் கெஞ்சாமல் சாப்பாடு எதிரே இருந்தது. அவர்கள் நம்மைவிட உறுதி படைத்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஆகவே சங்கத்தின் முன் என் வேண்டுகோள் சிறியது. சர்க்கரைக்காரர்களுக்குத் தனிப் பந்தி வேண்டாம், அது அவமானம். அதே பந்தியில் பொரியலையும் கூட்டையும் சுண்டலையும் முதலில் பரிமாறிவிட்டு, சோற்றுக்கு முன் "எவ்வளவு வைக்கட்டும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 'கொஞ்சம்' என்றால் கொஞ்சமே வையுங்கள். தாய்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, உங்கள் கைப்பக்குவத்தை யாரும் குறை சொல்லவில்லை. அந்த நாற்பது நாளில் என்னை மீண்டும் வழிக்குக் கொண்டு வந்தவரும் ஆத்தாதான். பரிசோதனைச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம். மறுநாள் தட்டில் மீனை முதலில் வைத்தார். பிறகு சோற்றை அகப்பையில் எடுக்காமல் தன் கையாலேயே ஒரு பிடி எடுத்து வைத்து, "இது போதுமாடா?" என்று கேட்டார்.

சித்திரைத் திருநாள் விருந்துக்கு வாழைப்பூப் பொரியல் எங்கள் வீட்டுப் பொறுப்பு என்று செயலாளரிடம் சொல்லிவிட்டேன். முந்நூறு இலைக்குப் பூ ஆய்ந்து கள்ளன் எடுக்க ஆள் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஆத்தா இப்போதே அரிவாள்மணையைத் தேடிக்கொண்டிருக்கிறார்.