கடைசி நிமிஷப் பேய்கள்

விடியற்காலை ஐந்தரை மணிக்கு டெலிபோன் அடித்தால் நம் குடும்பங்களில் இரண்டே அர்த்தம்தான். ஒன்று, யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இன்னொன்று, அமெரிக்காவில் யாருக்கோ ராத்திரி எட்டு மணி. போன அக்டோபர் 31-ம் தேதி எனக்கு வந்தது இரண்டாவது ரகம். நியூஜெர்ஸியில் வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதமான என் அக்கா பையன்.

"மாமா, தூங்கறீங்களா?"

"இல்லடா. உன் போனுக்காகத்தான் பல்லைத் தேய்ச்சுட்டுக் காத்துக்கிட்டிருக்கேன். சொல்லு."

"நாளைக்கு ஆபீஸ்ல ஹாலோவீன். எல்லாரும் வேஷம் போட்டுட்டு வரணுமாம். மெயில் வந்து ஒரு வாரமாச்சு, நான் இன்னிக்குத்தான் பார்த்தேன். கடையில டிராகுலா டிரெஸ் அறுபது டாலர்ங்கறான். அதுவும் எக்ஸ்ட்ரா லார்ஜ்தான் இருக்கு. உள்ள இன்னொரு ஆள் வாடகைக்கு இருக்கலாம்."

என்னிடம் கேட்கக் காரணம் உண்டு. அவனுடைய எல்.கே.ஜி. மாறுவேடப் போட்டிக்குக் கண் மையால் மீசை வரைந்து பாரதியார் ஆக்கியவன் நான். (ஆறுதல் பரிசு: ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா.) அந்த அனுபவ பலத்தில் அவனுக்கு எடுத்துவிட்டதை உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன். சென்னை, பெங்களூர் ஐ.டி. ஆபீஸ்கள் சிலவற்றிலும் இப்போதெல்லாம் அக்டோபர் கடைசியில் ஹெச்.ஆர். அம்மணிகள் பூசணிக்காயும் கையுமாகக் கிளம்பிவிடுகிறார்கள். உங்களுக்கும் மெயில் வரும்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். பயப்படாதீர்கள், ஒரே பாராதான்.

நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்குப் புனிதர் அனைவரின் திருநாள். அதற்கு முந்தைய ராத்திரிக்கு 'ஆல் ஹாலோஸ் ஈவ்' என்று பெயர். அது தேய்ந்து ஹாலோவீன் ஆயிற்று. அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கம் அதற்கும் முன்னாலேயே அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குகிற 'சாவன்' என்ற பண்டிகை இருந்தது. அன்றைக்குப் பேய் பிசாசுகள் உலாவும் என்று நம்பிக்கை. பின்னாளில் பையன்கள் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பாடி, தின்பண்டம் வாங்கினார்கள். டர்னிப் கிழங்கைக் குடைந்து உள்ளே விளக்கு வைத்தார்கள். 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்துக்காரர்கள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது இதுவும் கூடவே போயிற்று. அங்கே பூசணிக்காய் பெரிசு, குடைவதும் சுலபம். டர்னிப்புக்கு வேலை போய்விட்டது.

ஆக, ஆதியில் இந்த வேஷத்துக்கு ஆன செலவு அடுப்புக்கரி மட்டும்தான். அறுபது டாலரெல்லாம் பின்னால் வந்த வினை. 1930-களில் நியூயார்க்கில் பென் கூப்பர் என்ற கம்பெனி ஆரம்பித்தது. ஒரு பிளாஸ்டிக் முகமூடி, கழுத்தில் மாட்ட வினைல் அங்கி ஒன்று, இரண்டும் ஒரே அட்டைப்பெட்டியில். வேடிக்கை என்னவென்றால், எந்தப் பாத்திரமோ அதன் படத்தையோ பெயரையோ அங்கியின் மார்பிலேயே அச்சடித்திருப்பார்கள். எம்.ஜி.ஆர். வேஷம் போட்டவன் நெஞ்சில் எம்.ஜி.ஆர். படத்தை ஒட்டிக்கொண்டு வருவது மாதிரி! அமெரிக்காவில் இரண்டு தலைமுறைக் குழந்தைகள் இப்படித்தான் திரிந்தார்கள்.

"செலவு பண்ணாத்தான் மாமா எஃபெக்ட் வரும்" என்றான் மருமகன்.

1978-ல் ஜான் கார்பென்டர் எடுத்த 'ஹாலோவீன்' படத்தைச் சொன்னேன். மொத்த பட்ஜெட்டே சுமார் மூன்று லட்சம் டாலர். கொலைகாரனுக்கு முகமூடி வேண்டும், கையில் காசில்லை. ஹாலிவுட்டில் ஒரு கடைக்குப் போய், 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கிர்க் முகமூடியை இரண்டு டாலருக்குள் வாங்கினார்கள். கிருதாவைப் பிய்த்தார்கள், கண் துவாரத்தைப் பெரிசாக்கினார்கள், வெள்ளை பெயின்ட்டை ஸ்பிரே அடித்தார்கள். அவ்வளவுதான். அந்த வெளிறிப்போன முகத்தைப் பார்த்து ஜனங்கள் அலறினார்கள். படம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 4.7 கோடி டாலர் வசூல் செய்தது. தெரிந்த சாமானைத் தெரியாததாக்கு. வேஷக் கலையின் சூட்சுமம் இதுதான்.

இனி பிராக்டிகல்.

★ பெட்ஷீட் பேய்: சர்வதேச அங்கீகாரம் பெற்ற ஒன்று. 1982-ல் வந்த 'ஈ.டி.' படத்தில் வேற்றுக்கிரகவாசியையே ஊரார் கண்ணெதிரில் தெருவில் கூட்டிப்போக இந்த ஒரு வெள்ளைத் துணி போதுமாயிருந்தது. ஓரத்தில் எலாஸ்டிக் வைத்ததை எடுக்காதே, சமையல்காரர் தொப்பி மாதிரி சுருண்டுகொள்ளும். தட்டையான பழைய காட்டன் விரிப்பாகப் பார். தலையில் போர்த்திக்கொண்டு, கண் இருக்குமிடத்தை ஸ்கெட்ச் பேனாவால் தொட்டுக்கொள். கழற்றிவிட்டு, கழற்றிவிட்டு, அப்புறம்தான் கத்தரிக்கோல்! முதலில் சின்னதாக வெட்டு. ஓட்டையைப் பெரிசாக்கலாம், சின்னதாக்க முடியாது. உள்ளே ஒரு தொப்பி போட்டு அதோடு துணியை ஊக்கு குத்திவிட்டால் கண் துவாரம் காதுப்பக்கம் நகராது. அடிப்பக்கம் கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். 1966-ல் வந்த சார்லி பிரவுன் கார்ட்டூன் ஒன்றில் அவன் கத்தரிக்கோலை அடக்கத் தெரியாமல் துணி முழுக்க ஓட்டை போட்டுவிடுவான். வீட்டுக்கு வீடு மற்றவர்களுக்கெல்லாம் மிட்டாய். அவனுக்கு மட்டும் கல்!

★ மம்மி: எகிப்து மம்மி, உங்க மம்மி இல்லை. டாய்லெட் பேப்பரைச் சுற்றிக்கொள்வார்கள். ரெண்டு தடவை உட்கார்ந்து எழுந்தால் கிழிந்துவிடும். பழைய வெள்ளைத் துணியை இரண்டு அங்குல அகலத்துக்குக் கிழித்து, ஸ்ட்ராங்கான டீ டிகாஷனில் அரை மணி ஊறவைத்துக் காயப்போட்டால் மூவாயிரம் வருஷப் பழுப்பு வந்துவிடும். அந்தப் பட்டைகளை முழுக்கை பனியன், பழைய பைஜாமா மேல் அங்கங்கே தைத்துவிட வேண்டும். உடம்பில் நேராகச் சுற்றிக்கொண்டால் பாத்ரூம் போகும்போது தெரியும், எகிப்தியர்கள் ஏன் செத்தபிறகு மட்டும் இதைச் செய்தார்கள் என்று.

★ ஆபீஸ் ஸ்பெஷல்: 'தி ஆபீஸ்' என்ற அமெரிக்க டி.வி. தொடரில் 2005-ல் ஜிம் என்ற சேல்ஸ்மேன் வெள்ளைச் சட்டையில் மூன்று கறுப்புப் பேப்பர் வட்டம் ஒட்டிக்கொண்டு வருவான். என்ன வேஷம்? பேப்பரில் மூன்று ஓட்டை போடுகிற பஞ்ச்சிங் மெஷின்! 2008-ல் 'டேவ்' என்று வேறொரு பெயர்ச்சீட்டு குத்திக்கொண்டு வந்ததோடு சரி. 2009-ல் முகத்தில் 'புக்' என்று எழுதிக்கொண்டான். புக், ஃபேஸ்... புரிகிறதல்லவா? மூன்று வருஷத்துக்கும் சேர்த்து ஒரு டாலர் ஆகியிருக்காது. சாஃப்ட்வேர் ஆசாமிகள் ஒரு டி-ஷர்ட்டில் '404: காஸ்ட்யூம் நாட் ஃபவுண்ட்' என்று மார்க்கரால் எழுதிக்கொள்கிறார்கள். அதுவும் தேவலை.

★ சீரியல் கில்லர்: காலைப் பலகாரமாக அவர்கள் பாலில் கொட்டிச் சாப்பிடுகிறார்களே, அந்த சீரியலின் குட்டி டப்பாக்கள் நாலைந்தைச் சட்டையில் ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்டிக் கத்தியைச் செருகினால் ஆயிற்று. நம் ஊரில் சீரியல் கில்லர் என்றால் வேறு: ராத்திரி எட்டு மணிக்கு மாமியார் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்குகிறவன்.

★ ஒன்றுமே இல்லாதவனுக்கு: 1991-ல் வந்த 'ஆடம்ஸ் ஃபேமிலி' படத்தில் அந்தச் சின்னப் பெண் வழக்கமான கறுப்பு கவுனோடு நிற்பாள். வேஷம் எங்கே என்று கேட்டால், இதுதான், நான் கொலை வெறி பிடித்தவள், அவர்களும் பார்க்க எல்லோரையும் போலத்தான் இருப்பார்கள் என்பாள். செலவு பூஜ்யம். முகத்தை மட்டும் இறுக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆபீஸ் போகிறவனுக்கு அது என்ன, தனியாகப் பழக வேண்டுமா?

"முகத்துல கறுப்பு பெயின்ட் அடிச்சுக்கிட்டு, இல்லாட்டி செவ்விந்தியன் மாதிரி இறகு செருகிக்கிட்டு..." என்று இழுத்தான்.

"வேண்டவே வேண்டாம் மாப்ளே" என்றேன். 2011-ல் ஓஹியோ பல்கலைக்கழக மாணவர்கள் இதற்காகவே போஸ்டர் போட்டார்கள்: நாங்கள் ஒரு கலாசாரம், உங்கள் வேஷம் இல்லை என்று. வேட்டியும் தலைப்பாகையும் கட்டி, கழுத்தில் பிளாஸ்டிக் பாம்பைப் போட்டுக்கொண்டு ஒருவன் 'நான்தான் இந்தியா' என்று உன் மேஜைக்கு முன்னால் வந்து நின்றால் உனக்கு எப்படி இருக்கும்? அவ்வளவுதான் விஷயம். பேய்க்கு ஜாதி, மதம், தேசம் கிடையாது. பேயாகவே இருந்துவிட்டுப் போ.

கொஞ்ச நேரம் பேச்சைக் காணோம். லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"மாமா, எனக்கு மட்டும் இல்ல. கீழ் வீட்ல ஒரு பையன், ஏழு வயசு. அவங்கம்மா முதியோர் இல்லத்துல ராத்திரி ஷிஃப்ட். நாளைக்கு ஸ்கூல்ல பரேடாம். எனக்கு வேஷம் வேண்டாம்னு படியில உட்கார்ந்து சொல்லிட்டிருந்தான். வேண்டாம்னு சொல்றவன் மூஞ்சியா அது?"

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் சரித்திரத்தை இரண்டு வரியில் முடித்திருப்பேனே!

உடனே ரோபாட்டுக்கு வந்தோம். அமெரிக்க அபார்ட்மென்டில் அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமில்லை. பையன் தோளைவிடச் சற்று அகலமான பெட்டியாக எடுத்து, அடி மூடியை வெட்டித் தள்ள வேண்டும். மேலே தலைக்கு ஒரு துவாரம், பக்கவாட்டில் கைகளுக்கு இரண்டு. நினைத்ததைவிட இரண்டு விரற்கடை பெரிசாக வெட்டினால்தான் மிட்டாய்ப் பையைப் பிடிக்க முடியும். பெட்டி முழங்காலுக்கு மேலே நிற்க வேண்டும், படி ஏறணுமே! சமையலறை அலுமினிய ஃபாயிலைச் சுற்றி, பாட்டில் மூடிகளைப் பட்டனாக ஒட்டினால் ரோபாட் ரெடி. அங்கே அக்டோபர் கடைசியில் நல்ல குளிர். உள்ளே ஸ்வெட்டர் போட இடம் விடு.

இதிலே நான் கறாராகச் சொன்னது மூன்று. ஒன்று, பூசணிக்காய்க்குள் மெழுகுவர்த்தி எரிகிற வாசற்படிப் பக்கம் தொளதொள துணியோடு போகவிடாதே. 2014-ல் இங்கிலாந்தில் எட்டு வயதுப் பெண் ஒருத்தியின் சூனியக்காரி உடை மெழுகுவர்த்தியில் பற்றிக்கொண்டு, அணைக்க அணைக்க மறுபடி எரிந்தது. குழந்தைகளின் இரவு உடைக்கு இருந்த கண்டிப்பு வேஷ உடைக்கு இல்லை. அது பொம்மைக் கணக்கில் இருந்தது என்று அப்புறம்தான் ஊருக்குத் தெரிந்தது. உன் வீட்டுப் பூசணிக்குள் பேட்டரி விளக்கு வை. இரண்டு, முகமூடி வேண்டாம். பக்கவாட்டில் கார் வருவது தெரியாது. இருட்டில் ஃபாயில் பளபளப்பது டிரைவருக்கும் நல்லது. மூன்று, புதுசாக எதையும் முகத்தில் பூசாதே. முகச் சாயத்தை ஓரிரு நாள் முன்னால் கையில் தடவிப் பார்க்கச் சொல்கிறது அமெரிக்க எஃப்.டி.ஏ. கடைசி நிமிஷ ஆசாமிகளுக்கு அந்த ஓரிரு நாள் ஏது?

ரத்தம் வேண்டுமென்றால் கார்ன் சிரப்பில் சிவப்பு ஃபுட் கலரும் ஒரு சிட்டிகை கோகோ பவுடரும் கலந்தால் அசல் தோற்கும். ஆனால் சட்டையை விட்டுப் போகாது. இரவல் சட்டை என்றால் மட்டும் செய்யலாம்.

இந்தப் பண்டிகையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. கதவைத் திறக்கிற கிழவர்கள் பலருக்கும் ஒரு வழக்கம்: பையனைப் பார்த்து, "நீ யாரப்பா?" என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டுப் பையன்தான் என்று தெரியும், தெரிந்தும் கேட்பார்கள். அறுபது டாலர் உடையோ, அட்டைப்பெட்டியோ, அந்தக் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். "நான் ரோபாட்" என்று பையன் சொல்வான். அவர்கள் பயந்துபோய் இரண்டடி பின்வாங்கி மிட்டாய் எடுத்துக் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொன்ன பையன் அந்த ஒரு கணத்தைத்தான் வேண்டாம் என்று சொல்லப் பார்த்தான்.

கடைசியாக, சிக்கன சிகாமணிகளுக்கு ஒரு துப்பு. நவம்பர் 1-ம் தேதி கடைக்குப் போனால் டிராகுலா டிரெஸ் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். ஒரே சிரமம், அதைப் போட்டுக்கொள்ள இன்னும் முந்நூற்று அறுபத்து நாலு நாள் இருக்கிறது. அதற்குள் எக்ஸ்ட்ரா லார்ஜ் சரியாகப் பொருந்திவிடும்.