பில்லில் எழுதாத பொருள்

வைகாசி முகூர்த்தங்கள் அடுத்தடுத்து இருந்த ஒரு வாரம். திருத்தங்கலில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவர், தன் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி பைக்கில் வைத்து என் கடைக்குக் கொண்டுவந்தார். மேஜையில் இறக்கிய கையோடு, "கார்டு போச்சுக்கா" என்றார். ரெண்டர் போட்டால் பத்து நிமிடம் ஓடுமாம். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் மொத்த சிஸ்டமும் அணைந்துவிடுமாம். இரண்டு கல்யாண வீட்டார் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கார்டு வாங்க அவருடைய அம்மா வளையலை அடகு வைத்திருந்தார். அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மிவிட்டது.

சிவகாசியில் 2004 முதல் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். அச்சகங்களின் டிசைன் அறைகள், டிடிபி சென்டர்கள், வீடியோ எடிட் செய்கிறவர்கள், இப்போது என்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள் என்று எல்லோரும் வருவார்கள். கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று என் மேஜைக்கு வரும் கம்ப்யூட்டர்களில் பாதிக்கு மேல் கார்டில் ஒரு குறையும் இருப்பதில்லை. தம்பியுடைய கார்டும் அப்படித்தான். ஆர்டிஎக்ஸ் 3060. வேறு சிஸ்டத்தில் மாட்டி ஒரு மணி நேரம் ஓடவிட்டேன், தங்கமாக ஓடியது.

கோளாறு கேபினட்டின் அடியில் இருந்தது. கம்ப்யூட்டருக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி அதன் லேபிளை அவரிடம் காட்டினேன். 450 வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதற்குக் கீழே கட்டம் கட்டமாகப் பொடி எழுத்து. மஞ்சள் ஒயர், 12 வோல்ட், 18 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள் என்றேன். 216 வாட். கார்டும் ப்ராசசரும் கரண்ட் எடுப்பது இந்த 12 வோல்ட்டில்தான். 3060-க்கு மட்டும் 170 வாட் வேண்டும். அவருடைய ஐ5 12400எஃப் ப்ராசசர் முழு வேகத்தில் ஓடினால் 117 வாட் வரை கேட்கும். இரண்டும் சேர்ந்து 287. சும்மா படம் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. ரெண்டர் போட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் உழைக்கும், தாங்க முடியாமல் எஸ்எம்பிஎஸ் கையை விரித்துவிடும்.

இதைவிடப் பயந்தது இன்னொன்றைப் பார்த்து. அந்தக் கார்டுக்கு எட்டு பின் ஒயர் தேவை. அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் அப்படி ஒரு ஒயரே கிடையாது. விற்ற கடையில், பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் நாலு பின் கனெக்டரில் ஒரு கன்வெர்ட்டரை மாட்டி ஒப்பேற்றியிருந்தார்கள். நான் அதை இழுத்தேன், வரவில்லை. வெள்ளையாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் டீ நிறத்துக்கு வந்து, ஒரு பின்னைச் சுற்றி உருகி ஒட்டியிருந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கருகல் வாடை. தம்பியை மோந்து பார்க்கச் சொன்னேன். "ராத்திரி ரெண்டரப் போட்டுட்டு நானும் அம்மாவும் அதே ரூம்லதான்கா படுத்துக்குவோம்" என்றார். அதற்குமேல் இருவருக்குமே கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ப்ராசசருக்கு மாடல் நம்பர் இருக்கிறது. கார்டுக்கு சீரியல் நம்பரே இருக்கிறது. ராம், எஸ்எஸ்டி எல்லாம் கம்பெனிப் பெயரோடு. கடைசி வரி மட்டும் "கேபினட் வித் எஸ்எம்பிஎஸ் - 1". எந்தக் கம்பெனி, எத்தனை வாட், 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர், வாரண்டி உண்டா, ஒரு சொல் இல்லை. வீட்டையே கொளுத்தக்கூடிய பொருளுக்கு பில்லில் பெயர்கூட இல்லை.

இதைத்தான் இந்தக் கட்டுரையில் கேட்கிறேன். அசெம்பிள் செய்து விற்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் பில்லிலும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தனி வரி வேண்டும். கம்பெனி, மாடல், மொத்த வாட், 12 வோல்ட்டில் தரும் ஆம்பியர், வாரண்டி. பொருளின் தரத்தையும் அளவையும் விலையையும் தெரிந்துகொள்வது வாங்குகிறவரின் உரிமை என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. கடைக்காரர்கள் சங்கங்கள் தாமாகவே இதை ஒரு வழக்கமாகக் கொண்டுவந்தால் யாரும் சட்டப் புத்தகத்தைத் திறக்க வேண்டிய தேவையே வராது.

விற்கிறவர்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும், கடை போட்ட புதிதில் நானும் அப்படித்தான் விற்றேன். அன்றைக்குப் பெரும்பாலான சிஸ்டங்களில் தனிக் கார்டே கிடையாது. மதர்போர்டிலேயே டிஸ்ப்ளே இருக்கும், மொத்த சிஸ்டமும் 150 வாட்டைத் தாண்டாது. கேபினட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ் அதற்குப் போதும். இன்று ஒரு கார்டு மட்டுமே அதைவிட அதிகம் கேட்கிறது. பொருள் மாறிவிட்டது, பில் எழுதும் கை மாறவில்லை. அதோடு, வாடிக்கையாளர் நாலு கடை கொட்டேஷனை வாட்ஸ்அப்பில் வைத்துக்கொண்டு மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடுகிறார். ஐந்நூறு ரூபாய் குறைத்தால்தான் வியாபாரம் என்றால், கடைக்காரர் எதில் கை வைப்பார்? பில்லில் பெயர் வராத பொருளில்தான். பெயர் வந்தால் ஒப்பிடுகிறவர் அதையும் ஒப்பிடுவார்.

கார்டின் பெயருமே பல நேரம் முழுக் கதையைச் சொல்வதில்லை. என்விடியாவின் ஜிடி 1030 கார்டு 2017-ல் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது. மறு வருடம் அதே பெயரில் டிடிஆர்4 மெமரி போட்ட கார்டும் வந்தது. இரண்டிலும் 2 ஜிபிதான். ஆனால் மெமரியின் வேகம் முன்னதில் நொடிக்கு 48 ஜிபி, பின்னதில் 17-ஐத் தொடவில்லை. "2 ஜிபி கார்டு" என்று பில் போட்டால் இரண்டும் ஒன்றுதான்.

எந்த வேலைக்கு எந்தக் கார்டு என்பதையும் யாராவது உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். ஆடிப்பெருக்கன்று புது வருடக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம். அதற்கு முந்தைய மாதங்களில் டிசைன் அறைகளில் இரவு பகல் கிடையாது. "சிஸ்டம் இழுக்குதுக்கா, நல்ல கார்டா ஒண்ணு போட்டுக் குடுங்க" என்று வருவார்கள். போய்ப் பார்த்தால் ஃபோட்டோஷாப்பில் ஆறு சாமி படம் திறந்திருக்கும், கோரல்ட்ரா ஒரு பக்கம், 8 ஜிபி ராம் நிரம்பி வழிந்துகொண்டிருக்கும். கார்டுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. ராமை 32 ஆக்கி ஒரு எஸ்எஸ்டி போட்டால் தீர்ந்தது. வீடியோ எடிட் செய்கிறவர்களுக்குக் கார்டு உண்மையிலேயே உழைக்கும், ஆனால் அவர்களும் ஒன்று பார்க்க வேண்டும். 2022 தொடக்கத்தில் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டில் வீடியோவை என்கோட் செய்யும் பகுதியே இல்லை. விளையாட்டுக்கென்று வந்த கார்டு, எடிட்டருக்கு ஆகாது. செயற்கை நுண்ணறிவு படிக்கும் பிள்ளைகளுக்கோ கார்டின் மெமரிதான் முக்கியம். 2023-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060, 3060-ஐவிடப் புதியது, வேகமானது, 115 வாட்தான் எடுக்கிறது. ஆனால் அதில் 8 ஜிபிதான். இரண்டு வருடம் முந்தைய 3060-ல் 12 ஜிபி இருக்கிறது. அவர்கள் ஓட்டும் மாடல் கார்டின் மெமரிக்குள் அடங்காவிட்டால் அந்த வேகத்தால் பயனில்லை.

பழைய ஆபீஸ் சிஸ்டத்தில் சின்னதாக ஒரு கார்டு போட நினைக்கிறவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. மதர்போர்டு ஸ்லாட் தன்னளவில் 75 வாட் வரை தரும். ஜிடிஎக்ஸ் 1650-ல் பல மாடல்கள் அதிலேயே ஓடிவிடும், தனி பவர் ஒயரே வேண்டாம். ஒயருக்கான இடம் அந்தக் கார்டில் இருக்கிறதா என்று மட்டும் வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்டை மாட்டுவது பெரிய வித்தை இல்லை. எல்லோராலும் செய்ய முடியும், பயப்பட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சக் கரண்ட் இறங்கிவிடும். கேபினட்டின் வெறும் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டுக் கார்டை எடுங்கள். தங்க நிறப் பல்லில் விரல் படக்கூடாது. ஸ்லாட்டில் நேராக வைத்து, கிளிப் 'டக்' என்று விழும்வரை அழுத்துங்கள். பின்பக்க ஸ்க்ரூவை முடுக்குங்கள். பவர் ஒயரையும் டக் கேட்கும்வரை அழுத்த வேண்டும். 2022 அக்டோபரில், அன்றைய விலை உயர்ந்த கார்டுகளில் ஒன்றான 450 வாட் ஆர்டிஎக்ஸ் 4090-ன் கனெக்டர் உருகியதாகப் பல இடங்களிலிருந்து செய்தி வந்தது. பிளக் முழுதாக உள்ளே போகாததே பொதுவாகக் காணும் காரணம் என்று என்விடியா அப்போது சொன்னது. கடைசியாக மானிட்டர் ஒயர். அது கார்டில் போக வேண்டும். மதர்போர்டின் ஓட்டையில் செருகிவிட்டு "கார்டு போட்டும் ஒரு மாற்றமும் இல்லை" என்று மாதத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். ப்ராசசர் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் மதர்போர்டு ஓட்டையில் படமே வராது.

பிறகு யுபிஎஸ். வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், பெரிய கார்டோடு கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து போகும். அச்சகத்துக்காரர்கள் இன்னொன்று செய்ய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கார்டின் ஃபேனைப் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். எங்கள் ஊர்க் காகிதத் தூசி ஹீட்சிங்கில் பஞ்சு மெத்தை மாதிரி படிந்துவிடும்.

எந்த பில்லிலும் வர வழியே இல்லாத ஒன்று இருக்கிறது. அச்சகத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், பேரனுக்குக் கார்டு போட்ட கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். பையன் அதை ஹாலில் இருக்கும் டிவியோடு ஹெச்டிஎம்ஐ ஒயரில் இணைக்கப் போயிருக்கிறான். செருகும்போதே பொறி. டிவியின் ஓட்டையும் போச்சு, கார்டின் ஓட்டையும் போச்சு. இந்த முறை கார்டு நிஜமாகவே போயிருந்தது. நான் வீட்டுக்குப் போய் டெஸ்டரைக் கேபினட்டில் வைத்தேன், எரிந்தது. "தொட்டா லேசா சுர்ருங்கும்மா, அது கம்ப்யூட்டர்னா அப்படித்தான்னு இருந்துட்டோம்" என்றார்.

கம்ப்யூட்டர் என்றால் அப்படி இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரண்டு சின்ன கெபாசிட்டர்கள் கரண்ட் லைனுக்கும் கேபினட்டுக்கும் நடுவில் இருக்கும். அவற்றில் கசியும் துளிக் கரண்ட் எர்த் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். எர்த் இல்லையென்றால் கேபினட் 230 வோல்ட்டில் பாதிக்குப் போய் நிற்கும். கரண்ட் துளிதான், பொதுவாக ஆளை ஒன்றும் செய்யாது, சுர்ரென்று மட்டும் இருக்கும். டிவியின் பின்னால் கேபிள்காரர் ஒயர் இருக்கிறது, அது வேறு எங்கோ எர்த் ஆகியிருக்கும். இந்தப் பக்கம் நூறு வோல்ட், அந்தப் பக்கம் பூஜ்யம், நடுவில் ஊசி மாதிரி பின்கள்.

"மூணு ஓட்டை இருக்கேம்மா, அப்ப எர்த் இருக்குன்னுதானே அர்த்தம்?" என்று எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் காட்டிக் கேட்டார். அதைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் பித்தளைத் தகடு பளபளவென்று இருந்தது. அதில் ஒயர் எதுவும் இல்லை. சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, அவ்வளவுதான் உள்ளே வந்திருந்தது. நாற்பது வருடம் மெஷின் ஓட்டியவர், அந்தத் தகட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

வீட்டு வயரிங்கிலும் எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியனை வைத்துக் கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, பைப் இறக்கினார்கள். கேபினட்டில் டெஸ்டர் இப்போது எரிவதில்லை. வெயில் காலத்தில் குழி காயாமல் தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். போன வாரம் பெரியவரைக் கடைத்தெருவில் பார்த்தபோது ஊற்றுகிறீர்களா என்று கேட்டேன். வீட்டுக்காரம்மா குழியை ஒட்டி ஒரு மல்லிகைக் கொடி வைத்துவிட்டாராம், அதற்கு ஊற்றும் தண்ணீரில் குழியும் நனைந்துவிடுகிறதாம்.